பிஷப்பின் கழுத்தில் ஒரு லொடலொட

பெர்ச் லேக், மிச்சிகன்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெளியே சிணுசிணுவென்று மழை

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா வெல்டாவுக்கு, தங்கை ஆர்டித் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். பூனை சுகம். பக்கத்து வீட்டு ஹென்ரியெட்டா காது கேட்காததைத் தவிர மற்றபடி சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் எமெட் அவர்களும் எல்லா நலமும் பெற்று இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். நெப்ராஸ்காவில் காற்று ஆளையே தள்ளும் என்று ரேடியோவில் சொன்னார்கள். வெளியே போகும்போது தலையில் துணி கட்டிக்கொள். உன் காது சின்ன வயதிலிருந்தே குளிருக்கு ஆகாது, அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நிற்க. நன்றித் திருநாளுக்கு அங்கே வந்து உங்களோடு வான்கோழி சாப்பிட வேண்டும் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அதன் அடியில் எமெட் தன் கைப்பட "கட்டாயம் வரவும்" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்ததையும் கண்டேன். மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், என்னால் வர இயலாது. காரணம் நானல்ல, பிஷப். பிஷப்பின் ஸ்டீயரிங் தண்டில் ஒரு லொடலொட சத்தம். ஸ்டீயரிங் ஆட்டம் காணும் ஒரு காரில், சிகாகோவைச் சுற்றிக்கொண்டு அயோவாவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கடந்து வரும்படி எந்தப் பொறுப்புள்ள அக்காவும் தங்கையைக் கேட்க மாட்டாள். இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் நீ "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்பாய், நான் "ஜலதோஷம்" என்பேன், அப்புறம் இரண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் கடிதம்.

எமெட்டுக்குப் படித்துக் காட்டும்போது பிஷப் என்றால் யார் என்று அவருக்கு நினைவூட்டு. கரும்பச்சை, ஐம்பத்தோராம் வருஷத்து வண்டி, மேடு ஏறும்போது ஜெபம் செய்வதுபோல முனகும். பழைய கார் கண்காட்சியில் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து "அழகான குட்டி வண்டி" என்று சொன்னார். குட்டி வண்டியாம்! முன் இருக்கையில் மூன்று பேர் முழங்கை படாமல் உட்காரலாம். சரி, அதை விடு. வந்தது காரைப் பார்க்க, கூட்டிக்கொண்டு போனது உன்னை.

கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் புறப்பட்டுப் போன அடுத்த ஞாயிறே சத்தம் ஆரம்பித்துவிட்டது. சர்ச் முடிந்து வழக்கம்போல ஏரிப் பக்கம் வண்டியை விட்டேன். வேக முள் நாற்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் தண்டுக்குள் யாரோ உட்கார்ந்து டைப் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் டைப்பிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். முதுகைக் காட்டி நின்றாலும் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று காதாலேயே சொல்வேன். இது வீட்டில் ஒரு நாளும் பயிற்சி செய்யாமல் பரீட்சைக்கு வந்த பிள்ளை. லொட, லொடலொட, ஒரு நிறுத்தம், லொட. அந்த நிறுத்தம்தான் மனுஷியைக் கொல்கிறது, இப்போது வரும் இப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதலில் டாஷ்போர்டில் இருக்கும் கையுறைப் பெட்டியைச் சந்தேகப்பட்டுக் காலி செய்தேன். அதில் டார்ச்சு, உன் சீப்பு, மூடி இல்லாத லிப்ஸ்டிக், கால் ஒடிந்த கண்ணாடி எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன், சத்தம் நிற்கவில்லை. ஸ்டீயரிங் தண்டைச் சுற்றி என் கம்பளி மப்ளரைக் கட்டினேன், நிற்கவில்லை. அதைவிட உரக்க ஞானப்பாட்டுப் பாடிப் பார்த்தேன். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் நின்ற குடும்பம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகுதான் ஹார்மனைக் கூப்பிட்டேன். ஹார்மன் டைக்ஸ்ட்ராவை உனக்குத் தெரியும், பழைய கார் சங்கத்தின் செயலாளர், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் டைப்பிங் படித்ததால் என்னை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வந்தார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தன் காதில் வைத்தார், மறுமுனையை ஸ்டீயரிங் தண்டில் வைத்தார், வண்டியைக் குலுக்கச் சொன்னார், கண்ணை மூடிக் கேட்டார்.

"டீச்சர், இது ஒண்ணுமே இல்ல. டாஷ்போர்டுக்கு அடியில தண்டைப் பிடிச்சிருக்கிற பட்டை லூஸா இருக்கு. பத்து நிமிஷ வேலை."

அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் முன் இருக்கையில் தலைகீழாகப் படுத்தார். தலை பெடல்களுக்குப் பக்கத்தில், முதுகு இருக்கையில், கால்கள் இரண்டும் பக்கக் கண்ணாடி வழியாகத் தெருவை நோக்கி. உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்டது, பிறகு ஒரு முனகல், பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. "டீச்சர், இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இழுக்காதீங்க, இழுத்தா போயிடுவேன்" என்றது ஒரு குரல். நான் என்ன செய்வேன்? காபி கொண்டுவந்தேன், அதை எந்தப் பக்கம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்து நம் போதகர், சர்ச் விருந்துக்கு நான் எத்தனை பூசணிப் பை பலகாரம் செய்கிறேன் என்று கேட்க வந்தார். வந்தவர் ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்த ஷூக்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஹார்மன், நீங்களா அது?"

"நான்தான் ஐயா."

"நாலு வாரமா ஆராதனைப் பக்கம் ஆளையே காணோமே?"

"இதைக் கேக்கிற நேரமா ஐயா இது?"

"இப்பக் கேட்டாத்தான் நீங்க ஓட மாட்டீங்க."

ஹார்மன் அந்த நிலையில் கிடந்தபடியே அடுத்த ஞாயிறு வருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் போதகர் ஒரு காலைப் பிடித்தார், நான் இன்னொரு காலைப் பிடித்தேன். வெளியே வந்த மனுஷன் நேராக நிமிர ஒரு வாரம் ஆயிற்று. பட்டையை இறுக்கியது என்னவோ உண்மை. ஓட்டிப் பார்த்தேன். லொடலொட அப்படியே இருந்தது, கூடவே ஒரு கீச்சுச் சத்தமும் சேர்ந்துகொண்டது. இதுவரை தனியாக டைப் அடித்த பிள்ளைக்கு இப்போது எலி துணை.

அடுத்த முடிவு, ஸ்டீயரிங் சக்கரத்தையே கழற்றுவது. தண்டின் மேல் முனையில் ஒரு வளையம் இருக்கிறதாம், அது தேய்ந்துபோனால் உள்தண்டு ஆடி வெளிக்குழாயில் இடிக்குமாம். "இதுதான் டீச்சர், நான் முதல்லயே நெனச்சேன். பத்து நிமிஷ வேலை" என்றார் ஹார்மன். அவர் தேர்ந்தெடுத்த நாள் போர்வீரர் நினைவு தினம். எதிரே பூங்காவில் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது, பழைய வீரர்கள் தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். ஹார்மனும் ஒரு பழைய வீரர், தொப்பி போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார், விழா தொடங்குவதற்குள் முடித்துவிட்டுப் போய் வரிசையில் நிற்கலாம் என்று. சக்கரம் அசையவே இல்லை. இழுக்கும் கருவியை மாட்டித் திருகினார், எண்ணெய் விட்டார், சக்கரத்தோடு சமாதானம் பேசினார், கடைசியில் திட்டினார். பூங்காவில் ஒலிபெருக்கியில் "இப்போது மௌன அஞ்சலி" என்று சொன்னார்கள். ஊர் அடங்கியது. நாய்கூடக் குரைக்கவில்லை. அந்தக் கணத்தில்தான் சக்கரம் மனம் மாறியது. பட்டென்று கழன்று நேராக ஹார்மனின் மூக்கில் போய் மோதியது, மூக்கிலிருந்து ரத்தம், அறுந்த ஹார்ன் கம்பி இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது, பிஷப் வாய் திறந்தார்.

அந்த ஹார்ன் எப்படி என்று உனக்குத் தெரியும். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிற மாதிரி. நிற்கவே இல்லை. ஹார்மன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கம்பியைத் தேடினார், நான் என்ஜின் மூடியைத் திறந்து பேட்டரியை அடித்தேன், ஆமாம், ஷூவால் அடித்தேன், வேறென்ன செய்வது? ஒரு வழியாக அவர் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிய பிறகு அமைதி வந்தது. திரும்பிப் பார்த்தால் பூங்காவில் அத்தனை பேரும் நம் வாசலை நோக்கி நின்றார்கள். போர்வீரர் சங்கத் தலைவர் தெருவைத் தாண்டி வந்தார். அவர் ஹார்மனின் தொப்பியைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், கையில் பிடித்திருந்த ஸ்டீயரிங் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா ஹார்மன், அஞ்சலிக்கு எக்காளம் ஊதுற பையன் இன்னைக்கு வரலைன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவ்வளவுதான் சொன்னார். வரிசையில் முதலில் நின்ற தொண்ணூறு வயதுக்காரர் அதுவரை இறக்காத சல்யூட்டை அப்போதுதான் இறக்கினார் என்று பிறகு சொன்னார்கள். நீ இருந்திருந்தால் வீட்டுக்குள் ஓடிப்போய் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தனியாக ஒருத்தி தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிரிப்பாக இல்லை, திரும்பி வந்துவிட்டேன்.

புது வளையம் ஒஹையோவிலிருந்து வந்தது. ஹார்மன் அதை உட்கார வைத்தார், சக்கரத்தை மாட்டினார். மாட்டும்போது அவருடைய மூக்கில் கட்டு இருந்ததால் சக்கரம் கொஞ்சம் தப்பாக உட்கார்ந்துவிட்டது. நேராகப் போக வேண்டுமென்றால் இடப்பக்கம் திருப்புகிற மாதிரி பிடிக்க வேண்டும். எதிரே வந்தவர்கள் எல்லாம் நான் அவர்கள் மேல் திரும்பப்போகிறேன் என்று நினைத்துப் புல்வெளியில் ஏறி நின்றார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு மரியாதை நான் பார்த்ததில்லை. அதையும் கழற்றிச் சரியாக மாட்டினார். கீச்சுச் சத்தம் போய்விட்டது. லொடலொட மட்டும் அசையவில்லை.

"டீச்சர், இனிமே ஒரே வழிதான். ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் ஓட்டணும், இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா கையால அமுக்கிப் பாக்கணும். எதைத் தொட்டா சத்தம் நிக்குதோ, அதுதான் திருடன். நான் வந்திடுவேன், ஆனா இடுப்பும் மூக்கும் விடமாட்டேங்குது. உங்களுக்குக் கூட வர ஆள் இருக்கா?"

கூட வர ஆள் இருக்கிறதா என்று ஊரில் எல்லாரும் என்னை வேறு வேறு விதமாகக் கேட்டாகிவிட்டது, இவர் ஒருவர்தான் பாக்கி. இருக்கிறது என்றேன்.

ஹென்ரியெட்டாவுக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. காது கேட்காதவளைச் சத்தம் கண்டுபிடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறோமே என்ற யோசனை எனக்கும் வந்தது. ஆனால் பக்கத்து இருக்கையில் உட்காருவதற்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. அவளிடம் கத்திக் கத்தி விளக்கினேன். "டாஷ்போர்டைத் தொடு! அந்தக் குமிழைத் தொடு!" என்றேன். அவள் தன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எதையும் தொடமாட்டேன்டி ஆர்டித், உன் கார், ஏதாவது ஒடிஞ்சா என்னைத்தான் சொல்லுவே" என்று கத்தினாள். அப்படியே நாற்பது மைல் வேகத்தில் சோளக்காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம், டைப் அடிப்பது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திடீரென்று வேலியோரத்திலிருந்து காட்டு வான்கோழிகள். ஒன்றல்ல, ஒரு பெரிய குடும்பம், அவசரமே இல்லாமல், நடு ரோட்டில், நன்றித் திருநாள் நெருங்குவது தெரியாதவை போல. நான் பிரேக்கை மிதித்தேன். ஹென்ரியெட்டா "ஐயோ கர்த்தாவே!" என்று கண்ணை மூடிக்கொண்டு, கையில் அகப்பட்டதைப் பற்றிக்கொண்டாள். அகப்பட்டது ஸ்டீயரிங் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர் தடி.

வான்கோழிகள் போயின. நான் மறுபடி வேகமெடுத்தேன். நாற்பது வந்தது. சத்தம் இல்லை.

எனக்குக் காது அடைத்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தேன், அவள் இன்னும் பயத்தில் கியர் தடியை விடவில்லை.

"ஹென்ரியெட்டா, கையை எடு!"

எடுத்தாள். லொடலொட.

"வை!"

வைத்தாள். நிசப்தம்.

"எடு!"

"என்னடி இது, எடுங்கிறே, வைங்கிறே, விளையாடுறியா?" என்று கத்தினாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், கியர் தடியின் உருண்டைத் தலைமேல் இருந்த கையை. அப்புறம் வழக்கமாகக் கத்துகிறவள், கத்தாமல் சொன்னாள்.

"இது வெல்டா கை வெக்கிற இடம்ல?"

அக்கா, உனக்கு ஞாபகம் இருக்கும். பனியில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்த அந்தக் குளிர்காலம். எனக்கு ஸ்டீயரிங்கும் கால் வேலையும், உனக்குக் கியர். நான் கிளட்ச்சை மிதித்து "ம்" என்றால் நீ போடுவாய். கை சரியான பிறகும் நாம் அதை மாற்றவே இல்லை. ஏன் மாற்றவில்லை என்று நாம் ஒரு நாளும் பேசியதுகூட இல்லை. அப்புறம் "ம்"மும் தேவைப்படவில்லை. கியர் போடாத நேரத்திலும் உன் கை அங்கேயேதான் கிடக்கும், நீ பேசிக்கொண்டே வருவாய், மெத்தடிஸ்ட் சர்ச்சுக்காரர்களைப் பற்றி, பூக்கடை முதலாளி அம்மாவைப் பற்றி, வானத்தைப் பற்றி. திருமணம் முடிந்து எமெட்டின் காரில் உட்கார்ந்த பிறகும் கண்ணாடியை இறக்கி நீ கடைசியாகச் சொன்னது என்ன? "ரெண்டாவது கியர் போடும்போது மெதுவாடி, அது முரண்டு பிடிக்கும்." நான் "எனக்குத் தெரியாதா?" என்றேன். எனக்குத் தெரியாது. இன்றுவரை பல்லைக் கடிக்கிறது.

நான் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். வெட்டிய சோளக்காடு, கிழிந்த மேகம், வேறு ஒன்றும் இல்லை. ஹென்ரியெட்டா கைப்பையைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து, மேல் தாளைப் பிரித்து, என் கையில் வைத்தாள். "கண் டாக்டரு எங்கேயும் ஓடிப்போக மாட்டாரு. மெதுவாத் தின்னு" என்றாள். தின்றேன்.

ஹார்மனிடம் சொன்னதும் கியர் தடியின் முளையைக் கழற்றிப் பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர், இந்தக் குழியில ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கணும். தடி ஆடாம அதுதான் அமுக்கிப் பிடிச்சுக்கும். இதுல இல்ல. உள்ள துருவும் தூசியும்தான் இருக்கு, இருந்த தடமே இல்ல. நீங்க வாங்கும்போதே இருந்திருக்காது. எனக்கு ஒண்ணுதான் புரியல, இத்தனை வருஷம் இது எப்படிச் சத்தம் போடாம இருந்துச்சு?"

எனக்கும் புரியவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற ஹென்ரியெட்டாவுக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தாள்.

அவர் ஒரு ஸ்பிரிங்கை வெட்டிச் சரிசெய்து அந்தக் குழியில் வைத்தார். இந்தத் தடவை உண்மையாகவே பத்து நிமிஷம்தான் ஆனது. சத்தம் போயே போய்விட்டது. பிஷப் புத்தம் புதுசு மாதிரி ஓடுகிறது. நானும் சந்தோஷமாக ஏரிக்கரைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இருந்த வரைக்கும் அதைத் திட்டிக்கொண்டாவது போனேன். இப்போது திட்டவும் ஆள் இல்லை. அமைதி என்று எல்லாரும் புகழ்கிறார்களே, அதை நாற்பது மைல் வேகத்தில் யாராவது தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஏரிச் சாலை நாற்சந்தியில் நிறுத்தினேன். இடமும் வலமும் பார்த்தேன். கிளட்ச்சை மிதித்தேன். காத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கார்கள் என்னைக் கடந்து போயின, மூன்றாவது காரன் பின்னால் வந்து நின்று ஹார்ன் அடித்தான், நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். "ஏம்மா, வண்டி நின்னுடுச்சா?" "இல்லப்பா, கியர் போடணும்" என்றேன். "போடுங்க அப்ப" என்றான். போட்டேன்.

ஆகவே லொடலொட சரியாகிவிட்டது, அந்தக் காரணம் இப்போது செல்லாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வர இயலாது. ஹீட்டர் வேலை செய்யவில்லை, காலில் வெந்நீர்ப் பாட்டில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். பூனைக்கு வேறு யார் கையிலும் சாப்பிடப் பிடிக்காது. சர்ச் விருந்துக்கு நாலு பூசணிப் பை சொல்லியிருக்கிறேன், ஹார்மன் வேறு இப்போது ஒழுங்காக வருவதால் ஐந்தாகச் செய்ய வேண்டும். அயோவாவில் பனி என்கிறார்கள். எமெட்டை என்னை அழைத்துவர அனுப்பாதே, அவர் காரில் ஓட்டும்போது ஒரு சத்தமும் வராது, எனக்கு இப்போது அது ஆகாது. இவ்வளவு காரணம் சொல்கிறாளே என்று நினைக்காதே. உன்னிடம் சொல்வதற்கு என்ன, வருவதற்கு எனக்குப் பயமில்லை. நீ அங்கே நன்றாக இருப்பாய், மேஜையில் புது விரிப்பு போட்டிருப்பாய், அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிப்பாய், அதையெல்லாம் என்னால் பார்க்க முடியும், நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை. நாலு நாள் கழித்துத் திரும்பி வரவேண்டுமே, அதே ரோட்டில், அதுதான். அதற்கு ஹார்மனிடம் ஸ்பிரிங் இல்லை.

அதனால் நீங்கள் இருவரும் என் பங்கு வான்கோழியையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் நன்றாக, நிம்மதியாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறேன். எமெட் அவர்களுக்கு என் மரியாதையைச் சொல். இந்தக் குளிர்காலம் உங்கள் வீட்டுக் கூரையை மெதுவாகத் தொட்டுப் போகட்டும். அடுப்பு அணையாமல், ரொட்டி கருகாமல், இருவருக்கும் ஒரே நாளில் சளி பிடிக்காமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஆர்டித் ஹூக்ஸ்ட்ரா

பின்குறிப்பு: மேலே உள்ளதில் உன் காதைப் பற்றி எழுதியதைத் தவிர மற்ற எதையும் பொருட்படுத்தாதே. இதைத் தபால் பெட்டியில் போடத்தான் திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுத்தேன். தபால் பெட்டி இடப்பக்கம் வந்தது, பிஷப் நேராகப் போய்விட்டார். முதல் பெட்ரோல் பங்கிலிருந்து ஹென்ரியெட்டாவுக்குப் போன் செய்து பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவளுக்கு எது கேட்டதோ தெரியாது, "போடி, சீக்கிரம் போ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். சிகாகோவில் லாரிக்காரர்கள் எல்லாரும் கை ஆட்டினார்கள். அயோவாவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் டிங் என்று ஒரு சத்தம், ஸ்பிரிங் எங்கோ தெறித்துவிட்டது. நான் இறங்கித் தேடவில்லை. அயோவா முழுக்க அந்த மக்குப் பிள்ளை டைப் அடித்துக்கொண்டே வந்தது, இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. இன்று புதன்கிழமை, சாயங்காலம். இதை உங்கள் வீட்டு வாசலில் காருக்குள் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன், இறங்கக் கால் வரவில்லை. சமையலறையில் விளக்கு எரிகிறது, நீ குறுக்கும் நெடுக்கும் போகிறாய். மெலிந்திருக்கிறாய், அல்லது அது திரைச்சீலையாக இருக்கும். எமெட் செருப்போடு வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டு கையை நீட்டுகிறார், நல்ல மனுஷன்தான், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். முழுவதையும் இப்போதே படித்துக்கொண்டு நிற்காதே, நான் என்ஜினை அணைக்கவில்லை, சூட்டில் அணைத்தால் மறுபடி கிளம்ப எவ்வளவு அடம்பிடிக்கும் என்று உனக்குத்தான் தெரியும். கோட்டு மாட்டிக்கொண்டு வா, ஒரு சுற்றுப் போய் வருவோம்.